விடுமுறைப் பயணத்தில் வளர்ப்பு நாய்: புறப்படும் முன் செய்ய வேண்டியவையும் காயத்துக்கான முதலுதவியும்

புதுதில்லி: கோடை வெயிலிலிருந்து தப்பி சிம்லா, முசூரி, நைனிடால் போன்ற மலைநகரங்களுக்குச் செல்லும் குடும்பங்களில் வளர்ப்பு நாயையும் உடன் அழைத்துச் செல்வோர் உண்டு. உரிய சான்றிதழ் இன்றி ரயில் நிலையத்தில் தவிப்பதும், காலில் காயம்பட்ட நாயுடன் அறிமுகமற்ற ஊரில் மருத்துவரைத் தேடி அலைவதும் இத்தகைய பயணங்களைக் குலைத்துவிடுகின்றன. முதலாவதைத் தவிர்ப்பதற்கும் இரண்டாவதைச் சமாளிப்பதற்கும் வீட்டிலேயே தயாராகிவிட முடியும்.

ரயில்வே விதிகள்

ஏசி முதல் வகுப்பிலும் முதல் வகுப்பிலும் மட்டுமே பயணிகள் நாயைத் தங்களுடன் வைத்துக்கொள்ளலாம். அதற்கு 2 படுக்கைகள் கொண்ட கூப்பே அல்லது 4 படுக்கைகள் கொண்ட கேபின் முழுவதும் அவர்களுக்கே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். பயணச்சீட்டு உறுதியானதாலேயே கூப்பே கிடைத்துவிட்டதாகக் கருத இயலாது. இறுதிப் பட்டியல் தயாராகும்போதே அது முடிவாகும் என்பதால், ரயில்வே அதிகாரிகளிடம் முன்னதாகவே விண்ணப்பிப்பது நல்லது.

ஏசி இரண்டடுக்கு, மூன்றடுக்கு, தூங்கும் வசதிப் பெட்டிகளில் நாய்க்கு அனுமதி இல்லை. அவ்வகுப்புகளில் செல்வோரின் நாய், ரயிலின் பிரேக் வேனில் உள்ள கூண்டில்தான் பயணிக்க வேண்டும். உணவும் தண்ணீரும் அளிப்பது உரிமையாளரின் பொறுப்பு. கோடையில் அங்கு வெப்பம் மிகும் என்பதால் பக் போன்ற குட்டை மூக்கு இனங்களுக்கும் முதிய நாய்களுக்கும் அந்த ஏற்பாடு உகந்ததன்று.

பயண நாளன்று பார்சல் அலுவலகத்தில் நாய்க்குப் பதிவு செய்ய வேண்டும். தடுப்பூசி அட்டையுடன், இனம், நிறம், பாலினம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, புறப்படுவதற்கு 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவர் அளித்த உடல்நலச் சான்றிதழும் தேவை.

ஒரு மாதம் முன்பே

முதல்முறையாக வெறிநோய்த் தடுப்பூசி செலுத்தினால், எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ 3 வாரங்கள் ஆகும். எனவே குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே மருத்துவரை அணுக வேண்டும். உண்ணித் தடுப்பு மருந்து குறித்தும் அப்போதே கேட்டறியலாம். வாந்தியைத் தவிர்க்க, புறப்படுவதற்கு 3 அல்லது 4 மணி நேரம் முன்பே குறைவாக உணவளிப்பது போதுமானது.

சிறு காயங்களுக்கு

காயம்பட்ட நாய் வலியால் உரிமையாளரையே கடிக்கக்கூடும். ஆகவே முதலில் அதன் வாயைத் துணிப்பட்டையால் தளர்வாகக் கட்ட வேண்டும். மூச்சுத் திணறலோ வாந்தியோ இருந்தால் கட்டக் கூடாது.

ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை வைத்து 5 முதல் 10 நிமிடங்கள் விடாமல் அழுத்த வேண்டும். இடையிடையே எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் மீண்டும் பெருகும். பிறகு சுத்தமான நீரால் கழுவி, வெளிறிய தேநீரின் நிறம் வரும்வரை நீர் கலந்த போவிடோன் அயோடினால் துடைக்கலாம். பாதத்தில் இடும் கட்டு இறுக்கமாக இருந்தால் விரல்கள் வீங்கும். அவ்வப்போது கவனிக்க வேண்டும். தோலில் பற்றிய உண்ணியைச் சிமிட்டாவால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும்; மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது.

காயத்தில் காப்பித்தூள் வைப்பது ஆபத்தானது. நாய் அதை நக்கும்போது காபீன் உடலில் சேர்ந்து நஞ்சாகும். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் முதலிய மனிதர்களுக்கான வலி மாத்திரைகளை நாய்க்குத் தருவதும் உயிருக்கு ஊறு விளைவிக்கலாம்.

மருத்துவரிடம் எப்போது?

10 நிமிடங்கள் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலும், காயம் ஆழமாக இருந்தாலும், கண்ணில் அடிபட்டாலும், காலை ஊன்ற மறுத்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தங்கும் ஊரில் உள்ள கால்நடை மருத்துவமனையின் எண்ணை முன்பே குறித்துக்கொள்வது பயன் தரும். பல மாநிலங்களில் 1962 என்ற எண்ணில் அரசின் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியையும் அழைக்கலாம்.

தெருநாய் அல்லது குரங்கு கடித்த காயம் சிறியதாகத் தோன்றினாலும் அதைச் சிறு காயமாகக் கருதக் கூடாது. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவிய பின், ஏற்கெனவே தடுப்பூசி செலுத்தியிருந்தாலும் நாயை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மனிதர்களைக் கடித்திருந்தால் அவர்களும் அவ்வாறே கழுவி, உடனே மருத்துவமனையில் தடுப்பூசி பெற வேண்டும். வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக மிக அரிது.