கட்டியவனின் பற்றுரிமை எத்துணைக் காலம்?

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்பது நம் நாட்டுப் பழமொழி. வீட்டுக்கு உடையவனை நோக்கிச் சொல்லப்பட்டது அது. அவ்வீட்டைத் தன் கையால் எழுப்பும் கொத்தனுக்கும் தச்சனுக்கும் உள்ள இடரை அப்பழமொழி பேசவில்லை. வேலை முடிந்த பின்னும் கூலி வந்து சேரவில்லையாயின் அவர்கள் என் செய்வர்? இவ்வினாவுக்கு அமெரிக்க நாட்டுச் சட்டம் கண்ட விடையையும், அவ்விடையிலிருந்து எழுந்த மற்றொரு சிக்கலையும் மாணவ நண்பர்களுக்கு இன்று விளக்க விரும்புகிறேன்.

தையற்காரனிடம் சட்டை தைக்கத் துணி கொடுக்கிறோம். கூலியைப் பெறும் வரையில் அச்சட்டையைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ள அவனுக்கு உரிமை உண்டு. இதனைப் பற்றுரிமை என்பர். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தன் 170-ஆம் பிரிவில் இதனை வகுத்திருக்கிறது. பொருள் கைவசம் இருக்கும் வரையில்தான் இவ்வுரிமை நிற்கும். கொத்தன் எடுத்த சுவரோ பிறன் நிலத்தில் நிற்கிறது. அதனை அவன் பெட்டியில் வைத்துப் பூட்ட இயலாது. செங்கல் சுவரானவுடன் நிலத்தோடு ஒன்றி, நிலத்துக்கு உரியவனைச் சேர்ந்துவிடுகிறது.

1791-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசு தன் புதிய தலைநகராகிய வாஷிங்டனை எழுப்ப முற்பட்டிருந்தது. கூலிக்கு உறுதியில்லாத இடத்துக்குத் தொழிலாளரும் சரக்கு வணிகரும் துணிந்து வாரார். ஆதலின் மேரிலாந்து மாநிலச் சட்டமன்றம் அவ்வாண்டில் ஒரு சட்டம் இயற்றியது. கட்டியவர் தமக்கு வரவேண்டிய தொகைக்காக அக்கட்டடத்தின்மீதே பற்றுரிமை கொள்ளலாம் என்பது அதன் சாரம். ஏனைய மாநிலங்களும் ஒன்றன்பின் ஒன்றாக இவ்வழியைப் பின்பற்றின. கலிபோர்னியா 1879-ஆம் ஆண்டின் தன் அரசியலமைப்பிலேயே இதற்கு இடமளித்தது. ‘மெக்கானிக்ஸ் லீன்’ என்று வழங்குவது இதுவே. பணம் பெறாதவர் தம் உரிமையைப் பதிவு அலுவலகத்தில் பதிந்து, பின்னர் வழக்குத் தொடர்ந்து, நீதிமன்ற ஆணையால் அச்சொத்தை விற்பித்தேனும் தம் தொகையைப் பெறலாம்.

இனிச் சிக்கலுக்கு வருவோம். பதிந்த உரிமை எத்துணைக் காலம் உயிரோடிருக்க வேண்டும்? கலிபோர்னியாவில் பதிந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் வழக்குத் தொடராவிடில் பொதுவாக உரிமை அழிந்துவிடும். நியூயார்க்கில் அது 1 ஆண்டு நிற்கும். நீட்டிக்கவும் வழி உண்டு. டெக்சாஸ் மாநிலத்தில் வீடல்லாத கட்டடங்களுக்கு 2 ஆண்டு என்றிருந்தது. 2022-ஆம் ஆண்டு முதல் ஏற்படும் ஒப்பந்தங்களுக்குப் பொதுவாக 1 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. ஒரே நாட்டுக்குள் இத்துணை வேறுபாடு இருத்தலே, இரு பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதற்குச் சான்றாகும்.

முதலில் உடையவன் பக்கத்தை நோக்குவோம். அவன் ஒப்பந்தக்காரருக்கு முழுத் தொகையையும் கொடுத்துவிட்டான் எனக் கொள்க. அவரோ குழாய் வேலை செய்தவருக்கு 5,000 டாலரைக் கொடாமல் விட்டார். குழாய்த் தொழிலாளி வீட்டின்மீது பற்றுரிமையைப் பதிகிறார். அப்பதிவு நீங்கும் வரையில் வீட்டை வாங்க வருபவர் பின்வாங்குவர். வங்கியும் கடன் தரத் தயங்கும். கோரிக்கை மெய்யோ பொய்யோ, நீதிமன்றம் ஆராயாமலே உடையவன் கை கட்டப்படுகிறது. இந்நிலை ஆண்டுக்கணக்கில் நீடிப்பது முறையன்று. காலம் செல்லச் செல்ல வேலையைக் கண்ட சாட்சிகளும் கலைந்துவிடுவர்.

மறு பக்கத்தையும் காண்போம். உரிமை அழிந்தால் கடன் அழியாது; ஒப்பந்தத்தின்படி வழக்காட இடமுண்டு என்று சிலர் கூறுவர். உண்மையே. ஆயினும் குழாய்த் தொழிலாளியின் ஒப்பந்தம் ஒப்பந்தக்காரரோடுதானே யன்றி வீட்டுக்காரரோடு அன்று. ஒப்பந்தக்காரர் நொடித்துப் போனால் தொழிலாளிக்கு எஞ்சியிருப்பது அச்சுவரின்மீதுள்ள உரிமை ஒன்றே. காலத்தை மிகச் சுருக்கினால், பேசித் தீர்க்கக்கூடிய பூசலுக்கும் அவர் வழக்கறிஞரை நாடி ஓட வேண்டும். பெருநிறுவனத்துக்கு அச்செலவு பொருட்டன்று. சிறு தொழிலாளிக்கோ வரவேண்டிய பணத்தில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். ‘சற்றுப் பொறுங்கள், அடுத்த மாதம் தருகிறேன்’ என்ற சொல்லை நம்பிக் காத்திருந்த நல்லவரே உரிமையை இழப்பர்.

இவ்விரு துன்பங்களுக்கும் இடையே புளோரிடா மாநிலம் வகுத்த முறை என் கருத்துக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. அங்கே உரிமை பொதுவாக 1 ஆண்டு நிற்கும். ஆனால் அதனை எதிர்க்கும் உடையவன் முறைப்படி ஓர் அறிவிப்பைப் பதிவு செய்யலாம். அது சேர்ப்பிக்கப்பட்டபின், உரிமை கொண்டாடுபவர் 60 நாட்களுக்குள் வழக்குத் தொடர வேண்டும். இல்லையேல் உரிமை ஒழியும். வீட்டை விற்க வேண்டிய அவசரமுள்ளவன் காலத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். அவசரமில்லாத இடத்தில் இருவரும் அமைதியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் இன்றியமையாதது: அவ்வறிவிப்பு தொழிலாளியின் கைக்கு உண்மையாகவே போய்ச் சேர வேண்டும். அறியாதவனுக்குக் கெடு வைப்பது நீதியாகாது.

நாட்கணக்கு என்பது சட்டப் புத்தகத்தில் வறண்ட எண்ணாகத் தோன்றும். 90 என்றோ 365 என்றோ எழுதும்போது, எவனுடைய கூலி, எவனுடைய வீடு அவ்வெண்ணில் அடங்கியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நம் நாட்டுச் சட்டங்களில் காணும் காலவரம்புகளையும் அவ்வாறே ஆராயுமாறு மாணவர்களை வேண்டிக்கொள்கிறேன்.