பிறந்த நாட்டைக் கேட்கும் வரிசை

"2016 ஜூன்" என்றால் எங்கள் வீட்டில் பத்து வயதுப் பையனுக்குக்கூட என்னவென்று தெரியும். அது அவன் அப்பாவின் 'ப்ரையாரிட்டி டேட்'. நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டுக்காக அவருடைய நிறுவனம் அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் முதல் மனுவைப் போட்ட நாள். டாலஸ் பக்கத்தில் ஃப்ரிஸ்கோ, இர்விங் என்று தமிழர்கள் நெருங்கி வாழும் ஊர்களில் பொங்கல் விழாவில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால், எந்த ஊர், எந்தக் கம்பெனி என்ற கேள்விகளுக்கு அடுத்தபடியாக "உங்க டேட் என்னங்க?" என்பதும் வந்துவிடும்.

மாதம் ஒருமுறை அமெரிக்க வெளியுறவுத் துறை 'விசா புல்லட்டின்' என்ற அறிக்கையை வெளியிடுகிறது. எந்த நாட்டில் பிறந்தவர்களுக்கு, எந்தப் பிரிவில், எந்தத் தேதி வரைக்கும் முறை வந்திருக்கிறது என்று அதில் இருக்கும். 2025 கடைசியில் வேலை அடிப்படையில் இந்தியர்களுக்கான ஈபி-2, ஈபி-3 இரண்டு பிரிவுகளும் 2013-இல்தான் நின்றன. இந்தத் தேதிகள் ஒரு மாதம் நகரும், மூன்று மாதம் அசையாது. சில சமயம் பின்னுக்கும் போகும்.

ஊரில் இருப்பவர்கள், "அமெரிக்கா போய் இத்தனை வருஷம் ஆச்சே, இன்னுமா கார்டு வரலை?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் குத்தல் எதுவும் கிடையாது. இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்லை.

எச்-1பி என்பது தற்காலிக வேலை விசா. மூன்று ஆண்டு, பிறகு இன்னொரு மூன்று ஆண்டு, மொத்தம் ஆறு. தனியார் நிறுவனங்களுக்கு ஓர் ஆண்டில் 65,000 விசாக்கள். அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்கு அதற்கு மேல் 20,000. கேட்பவர்கள் அதைவிடப் பல மடங்கு என்பதால் குலுக்கல். 2025 செப்டம்பரிலிருந்து, வெளிநாட்டில் இருப்பவரைப் புதிதாக அழைக்கும் நிறுவனம் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்ற உத்தரவும் சேர்ந்துகொண்டது. இந்தக் கதவைத் தாண்டி உள்ளே வந்தவர்தான் கிரீன் கார்டைப் பற்றியே யோசிக்க முடியும்.

அதற்கு மூன்று படிகள். முதலாவது 'பெர்ம்'. இந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று நிறுவனம் நிரூபிக்க வேண்டும். அதற்காக இரண்டு ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளில் விளம்பரம் கொடுப்பார்கள், அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டுவார்கள். இதற்கான செலவு முழுவதும் நிறுவனத்தையே சேர்ந்தது. ஊழியரிடம் வாங்குவதை 2007-ஆம் ஆண்டு விதி தடுக்கிறது. இரண்டாவது ஐ-140. நிறுவனத்துக்குச் சம்பளம் கொடுக்கும் வசதி இருக்கிறதா, ஊழியருக்குத் தகுதி இருக்கிறதா என்று குடியேற்றத் துறை பார்ப்பது. மூன்றாவது ஐ-485. கிரீன் கார்டுக்கான விண்ணப்பமே அதுதான். முதல் இரண்டு படிகளும் இரண்டு மூன்று ஆண்டுக்குள் முடிந்துவிடும். மூன்றாவதற்கு நம் தேதி வர வேண்டும். அங்கேதான் வாழ்க்கை நின்றுவிடுகிறது.

ஏன் நிற்கிறது என்பதற்குக் கணக்கு எளிது. வேலை அடிப்படையில் ஓர் ஆண்டுக்கு 1,40,000 கிரீன் கார்டு. ஒரே நாட்டில் பிறந்தவர்களுக்கு அதில் ஏழு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஏழு சதவீதம் என்றால் 9,800. அதையும் பிரிவுகளுக்குப் பங்கிட்டால் ஈபி-2-க்கு ஏறத்தாழ 2,800. இந்த எண்ணிக்கையில் மனைவி, கணவன், குழந்தைகள் எல்லோரும் அடக்கம். நாலு பேர் உள்ள குடும்பம் நாலு எண்ணை எடுத்துக்கொள்கிறது. மற்ற நாட்டினர் எடுக்காமல் மீந்தது சில ஆண்டுகளில் நமக்கு வந்து சேரும். அதை நம்பித் திட்டம் போட முடியாது. இந்தியாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் உச்சவரம்பு ஒன்றே.

அவர்கள் பார்ப்பது பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதை அல்ல, ஆள் பிறந்தது எங்கே என்பதை. இது பலருக்குத் தெரிவதில்லை. அப்பா குவைத்திலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்தபோது அங்கே பிறந்த தமிழர்கள் எத்தனையோ பேர். இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் அவர்கள் இந்திய வரிசையில் நிற்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் இலங்கைக் கணக்கில் வருவார். கணவனோ மனைவியோ வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டின் வரிசையை இருவரும் பயன்படுத்தலாம். எனக்குத் தெரிந்த ஒரு பெண் பினாங்கில் பிறந்தவர். விவரம் தெரிந்த ஒருவர் சொன்ன பிறகுதான் அந்தத் தம்பதி மலேசிய வரிசைக்கு மாறினார்கள். அடுத்த வருடமே கார்டு வந்தது.

இந்தச் சட்டத்தின் வரலாற்றைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிட வருத்தமே அதிகமாக வந்தது. 1917 முதல் 1946 வரை இந்தியர்களுக்குக் குடியேற இடமே இல்லை. அந்த ஆண்டு வந்த சட்டம் வருடத்துக்கு 100 பேர் வரலாம் என்றது. 1965-இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் சுதந்திர தேவி சிலையின் அடியில் உட்கார்ந்து புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். இனம் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்த பழைய முறை அதோடு ஒழிந்தது. எல்லா நாட்டுக்கும் சம அளவு என்பது அன்றைக்கு நியாயத்தின் பக்கம் நின்ற ஏற்பாடு. ஏழு சதவீதம் என்ற இன்றைய வரம்பு 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. சமத்துவத்துக்காகப் போட்ட வேலி, அடுத்த தலைமுறையில் பிறந்த இடத்தைப் பார்த்து ஆளை நிறுத்துகிறது.

இதை மாற்றக் கேட்காமல் யாரும் இருந்துவிடவில்லை. 2007 ஜூலை புல்லட்டினில் வேலை அடிப்படையிலான ஏறக்குறைய எல்லாத் தேதியும் திறந்திருப்பதாக அறிவித்தார்கள். மக்கள் மருத்துவப் பரிசோதனை முடித்து, பிறப்புச் சான்று வரவழைத்து, விண்ணப்பத்தோடு தயாரானபோது, ஜூலை 2 அன்று எண்கள் தீர்ந்துவிட்டன என்றார்கள். இந்தியர்கள் குடியேற்றத் துறை இயக்குநர் எமிலியோ கொன்சாலஸுக்கு நூற்றுக்கணக்கில் பூங்கொத்து அனுப்பினார்கள். காந்தி வழி. பூக்களை அவர் காயமடைந்த படைவீரர்களின் மருத்துவமனைக்குத் திருப்பிவிட்டார். அந்த மாதமே அரசு இறங்கிவந்து விண்ணப்பங்களை ஏற்றது. நாடு வாரி வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் கீழவையில் 365-க்கு 65 என்று தேறியது. மேலவையும் 2020 டிசம்பரில் தன் வடிவம் ஒன்றை நிறைவேற்றியது. இரண்டும் ஒன்றாகவில்லை. சட்டமும் வரவில்லை.

எனக்கு இதில் தூக்கத்தைக் கெடுப்பது என் மகளின் வயது. அவள் 2008-இல் கோவையில் பிறந்தவள், மூன்று வயதில் இங்கே வந்தாள். எச்-4 என்ற சார்பு விசாவில் இருக்கிறாள். பள்ளித் தோழிகள் ஐஸ்கிரீம் கடையில் மாலை வேலைக்குப் போகிறார்கள், இவள் போகக் கூடாது. கல்லூரிக்கான மத்திய அரசின் உதவித்தொகை கேட்க முடியாது. அவளுடைய ஓட்டுநர் உரிமம் விசாக் காலம் முடிகிற நாளில் முடிகிறது. தம்பி இங்கே பிறந்ததால் அமெரிக்கக் குடிமகன். ஒரே சாப்பாட்டு மேசையில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு சட்டம். "அம்மா, நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று அவள் ஒருமுறை கேட்டாள். ஒரு தப்பும் இல்லை என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

21 வயது முடிந்தால் அவள் எங்கள் மனுவிலிருந்து விழுந்துவிடுவாள். பிறகு மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். அதற்கு, படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பிவிடுவேன் என்று காட்ட வேண்டும். மூன்று வயதில் விட்டுவந்த நாட்டுக்கு!

குழந்தைகளைக் காக்க 2002-இல் ஒரு சட்டம் வந்தது. ஐ-140 மனு பரிசீலனையில் இருந்த காலத்தை வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்கிறது அது. கூடுதல் கட்டணம் கட்டிப் பதினைந்து வேலை நாளில் ஒப்புதல் வாங்கினால் கழிக்கக் கிடைப்பதும் அந்தச் சில நாட்கள்தான். பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கும் வீட்டில் அந்தக் கட்டணத்தைக் கட்டும் முன் வழக்கறிஞரிடம் இதைப் பேசிவிட வேண்டும். புல்லட்டினில் இரண்டு அட்டவணைகள் உண்டு. அவற்றில் முந்திவருவதை வைத்து வயதைக் கணக்கிடலாம் என்று 2023 பிப்ரவரியில் சலுகை கொடுத்தார்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்படி வளர்ந்த பிள்ளைகளைக் காக்கும் மசோதாவை டெபரா ராஸ், அலெக்ஸ் பாடிலா, ராண்ட் பால் என்று இரண்டு கட்சியினரும் 2021-இல் கொண்டுவந்தார்கள். இன்னும் அது சட்டமாகவில்லை.

நான் கோவையில் பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்தினேன். இங்கே வந்து சில வருடம் எச்-4 மனைவியாக வேலை செய்யும் உரிமை இல்லாமல் இருந்தேன். கணவரின் ஐ-140 ஒப்புதலான பிறகே 'ஈஏடி' என்ற வேலை அனுமதி கிடைத்தது. 2015 மே 26-இல் தொடங்கிய ஏற்பாடு அது. இன்றைக்குப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். 2025 அக்டோபர் 30 முதல், புதுப்பிக்கப் போட்ட மனு நிலுவையில் இருக்கும்போது அனுமதி தானாக நீளும் வசதி நின்றுவிட்டது. ஆறு மாதம் முன்பே விண்ணப்பிப்பது நல்லது.

புதிதாக வரும் தம்பி தங்கைகளிடம் நான் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டு. ஐ-140 ஒப்புதல் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். சில நிறுவனங்கள் கொடுக்கத் தயங்கும். விடாமல் கேளுங்கள். அந்த ஒப்புதல் இருந்தால் ஆறு ஆண்டைத் தாண்டியும் மும்மூன்று ஆண்டாக எச்-1பி நீளும். வேறு வேலைக்குப் போனால் பெர்மையும் ஐ-140-ஐயும் புதிதாகச் செய்ய வேண்டும், ஆனால் பழைய தேதி கூடவே வரும். பழைய நிறுவனம் மனுவைத் திரும்பப் பெற்றாலும் தேதி போகாது; ஒப்புதலாகி 180 நாள் கடந்திருந்தால் எச்-1பி நீட்டிப்பும் போகாது. தேதி உங்களுடையது. வேலை போனால் அறுபது நாள்தான் அவகாசம். அந்த நாட்களில் பழைய அலுவலகத்தின் மனிதவளத் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்க முடியாது.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கென்றே தனிச் சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால், 'முதற்பெயர் தெரியாது' என்று பொருள்படும் எஃப்என்யு என்ற மூன்றெழுத்தை விசாவில் பெயராகவே அச்சடித்துவிடுவார்கள். வங்கி, உரிமம், பள்ளி எல்லாவற்றிலும் அது தொடரும். விசாவுக்குப் போடும் முன்பே பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டாகப் பிரித்துப் போட்டுவிட வேண்டும். பிறப்புச் சான்றும் அப்படித்தான். பழைய சான்றுகள் பலவற்றில் குழந்தையின் பெயரே இருக்காது, 'ஆண்' அல்லது 'பெண்' என்று மட்டும் இருக்கும். நகராட்சியிலோ பேரூராட்சியிலோ பெயரைச் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பதிவே இல்லையென்றால், இல்லை என்ற சான்றும், பிறப்பை அறிந்த பெரியவர்கள் இருவரின் உறுதிமொழிப் பத்திரமும் வேண்டும். அம்மா அப்பாவும் சித்தப்பாவும் ஊரில் நடமாட்டமாக இருக்கும்போதே, அடுத்த விடுமுறைக்குப் போகையில் அந்த வேலையை முதலில் முடித்துவிடுங்கள்.