உங்களுக்குத் தெரியுமா? பெற்றோல் முள் ஏன் பொய் சொல்கிறது

பழைய காரில் பெற்றோல் முள் தடுமாறினால் ரொறன்ரோவில் பலரும் திட்டுவது முன்பலகையில் உள்ள மீற்றரைத்தான். கோளாறு பெரும்பாலும் தாங்கிக்குள் இருக்கும். மிதவையோடு நகர்ந்து மின்தடையை மாற்றும் சிறு தொடுமுனையில் வெள்ளி கலந்திருந்தால், பெற்றோலிலுள்ள சில கந்தகச் சேர்மங்கள் அதைக் கருக்கவைத்துவிடும். 2004 மே மாதம் புளோரிடாவில் கெட்ட பெற்றோல் பல கார்களின் முள்ளை இப்படித்தான் பழுதாக்கியது. கனடாவில் 2005இல் கந்தகத்தின் சராசரி வரம்பு கிலோவுக்கு 30 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. அதற்குமுன் பல மடங்கு இருந்தது.

தாங்கியை நிரப்பி, பயண மீற்றரைப் பூச்சியமாக்கி ஓட்டிப் பாருங்கள். பாதி தீர்ந்த பிறகும் முள் உச்சியிலேயே நின்று திடீரென விழுகிறதா? சந்தேகம் தொடுமுனைமேல்தான். பழுது பார்க்கும்வரை கிலோமீற்றர் கணக்கிலேயே நிரப்புங்கள், அதுவும் தாராளமாக. சனவரியில் 401 நெடுஞ்சாலை ஓரம் இழுவை வண்டிக்குக் காத்திருப்பது வேடிக்கையல்ல.