பெருவிரல் ஆபரேஷன்: கத்தி வேலை ஒரு நாள், கவனம் பல மாதம்!

பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயக் காட்டில் குந்தியபடியே நகர்ந்து களை எடுப்பவர்களின் உடல் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குவது கால் பெருவிரலின் அடி மூட்டு. அந்த இடத்தில் எலும்பு புடைத்து, பெருவிரல் அடுத்த விரலின் பக்கம் சாய்ந்துவிட்டால் அதற்குப் பெயர் 'பன்யன்'. டாக்டர்கள் 'ஹாலக்ஸ் வால்கஸ்' என்பார்கள்.

யாருக்கு வரும்?

பரம்பரை, தட்டைப் பாதம், முடக்குவாதம் ஆகியவற்றோடு முன்பக்கம் குறுகிய காலணியும் ஒரு காரணம். ஹாங்காங்கில் நடத்தப்பட்டு 1958-ல் வெளியான ஓர் ஆய்வில், ஷூ அணிபவர்களில் 33 சதவிகிதம் பேருக்கு இந்தச் சாய்வு இருந்தது. ஷூ அணியாதவர்களில் 2 சதவிகிதத்தினருக்குக்கூட இல்லை. அரியலூர் சிமென்ட் ஆலைகளில் நாள் முழுக்க சேஃப்டி ஷூ போடுபவர்கள், விரல்கள் விரிய இடமுள்ள அளவைக் கேட்டு வாங்குவது நல்லது.

ஆபரேஷன் எப்போது?

வலி இல்லையென்றால் தேவையில்லை. பாதம் அழகாக இல்லையே என்பதற்காகச் செய்துகொள்வது சரியல்ல. அகலமான காலணி, பயிற்சி, மருந்து எதிலும் வலி அடங்காமல் நடையே தடுமாறும்போதுதான் ஆபரேஷன். எலும்பை வெட்டி, நேராக்கி, ஸ்குரூ அல்லது கம்பியால் நிறுத்துவார்கள். அந்த எலும்பு கூட சுமார் 6 வாரங்கள், சிலருக்கு 3 மாதங்கள்வரை ஆகும். வீக்கம் முழுதாக வடிய 6 மாதம் முதல் ஒரு வருடம்கூட ஆகலாம்.

என்னென்ன சிக்கல் வரலாம்?

* விரல் மறுபடியும் சாய்வது, அல்லது எதிர்ப்பக்கம் திரும்பிவிடுவது.

* பாரம் இடம் மாறி, இரண்டாவது விரலுக்குக் கீழே உள்ளங்காலில் வலி எடுப்பது.

* விரல் மரத்துப்போவது, புண்ணில் சீழ் வைப்பது, எலும்பு கூடாமல் போவது.

* மூட்டு இறுகிவிடுவது. குந்தி உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கும் இந்தியன் டாய்லெட் பயன்படுத்துபவர்களுக்கும் இதுதான் பெரிய கஷ்டம். 'என் வேலை இப்படி' என்று டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

தவிர்க்க வழி உண்டு

மக்காச்சோள அறுவடையும் பருத்தி எடுப்பும் முடிந்த பிறகு நாள் குறிப்பது புத்திசாலித்தனம். 'இரண்டு வாரத்தில் எழுந்துவிடலாம்' என்று நினைத்து வயலில் இறங்கினால், கூடாத எலும்பு நகர்ந்துவிடும். கம்பி வெளியே தெரியும் காலில் சேறும் தண்ணீரும் படவே கூடாது.

சர்க்கரை நோயாளிகள் முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, பாதத்தின் ரத்த ஓட்டத்தையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மரத்த காலில் புண் வலிக்காது. எனவே டாக்டர் சொன்ன நாளில் தவறாமல் போய்க் கட்டைப் பிரித்துக் காட்டுவது அவசியம். பீடி, சிகரெட்டை நிறுத்தாவிட்டால் எலும்பு கூடுவது தாமதமாகும்.

ஆபரேஷனுக்கு முன்பே மெட்டியைக் கழற்றிவிட வேண்டும். விரல் வீங்கிய பிறகு அது கழலாமல் ரத்த ஓட்டத்தை அழுத்தும். வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தால், 'வீக்கம் வடிந்ததும் போட்டுக்கொள்கிறேன்' என்று சொல்லிவிடலாம்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

காய்ச்சல், சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி, விரல் கறுத்துப்போவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், அதையும் தள்ளிப்போடக் கூடாது. திடீர் மூச்சுத்திணறல் என்றால் உடனே 108-ஐ அழைக்கவும்.

பெரம்பலூரில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. சந்தேகத்தை முதலில் அங்கே கேட்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், தங்களுக்கான ஆபரேஷன் அதில் வருமா என்பதைத் தேதி குறிக்கும் முன்பே விசாரித்துக்கொள்ளலாம்.

'மறுபடி எப்போது வேலைக்குப் போகலாம்?' என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. 'அதுவரை வீட்டு வேலையையும் காட்டு வேலையையும் யார் பார்ப்பது?' என்பதைக் குடும்பம் முன்கூட்டியே பேசி முடித்துவிட்டால், பாதி சிகிச்சை முடிந்த மாதிரி!