தூய்மைப் பணியில் தனியார்மயம்: வேலை இருக்கிறது, உரிமை எங்கே?

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் 13 நாள்கள் போராடினர். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அகற்றும் பணியைத் தனியாரிடம் ஒப்படைக்கக் கூடாது, தங்களைப் பணி நிரந்தரம் செய்ய வேண்டும் என்பவை முதன்மைக் கோரிக்கைகள். நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. வேலை போகவில்லையே, நிறுவனத்தில் சேரலாமே என்பது எதிர்வாதம். வேலை போகாமலேயே உரிமை போகும் வழிகளைச் சட்டத்தின் துணையோடு காண்போம்.

முதலாவது, இடஒதுக்கீடு. அரசமைப்புச் சட்டத்தின் 16(4) பிரிவு அரசுப் பணி நியமனங்களுக்கே பொருந்தும். துடைப்பம் பிடிக்கும் வேலை இடஒதுக்கீடு இல்லாமலேயே தலித்துகளிடம் வந்து சேரும். மேற்பார்வையாளர், ஓட்டுநர், ஆய்வாளர் பணியிடங்களுக்குத்தான் அது தேவைப்படுகிறது. ஒப்பந்த நிறுவனம் அவற்றை நிரப்பும்போது 18 விழுக்காடும் இல்லை, அதற்குள் அருந்ததியருக்கான 3 விழுக்காடும் இல்லை.

இரண்டாவது, பணி நிரந்தரம். 24 மாதங்களில் 480 நாள்கள் பணிபுரிந்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம். ஒப்பந்ததாரர் மாறினால், புதிய முதலாளியிடம் பணிக்காலம் முதல் நாளிலிருந்தே தொடங்குவதாக வாதிடப்படுகிறது. ஒப்பந்தமுறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளர் தாமாகவே முதன்மை முதலாளியின் பணியாளர் ஆகிவிடமாட்டார் என 2001இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஒப்பந்தம் வெறும் போலி என்று மெய்ப்பித்தால் மட்டுமே வழி திறக்கும்.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஒரு நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரைச் சில விதிவிலக்குகளுடன் தடை செய்கிறது. தூய்மைப் பணி மையப் பணி ஆகாது என்றும் அதுவே சொல்கிறது. ஆனால் அப்பணிக்கென்றே அமைந்த நிறுவனத்துக்கு இவ்விலக்கு கிடையாது. திடக்கழிவு மேலாண்மையை நகராட்சிகளுக்குரிய பணியாக அரசமைப்பின் 12ஆம் அட்டவணை பட்டியலிடுகிறது. ஆகவே, குப்பை அகற்றுவது மாநகராட்சியின் மையப் பணியே என்று வாதிட வலுவான இடம் உண்டு.

அந்த வாதத்துக்குச் சான்றுகள் வேண்டும். அடையாள அட்டை, வருகைப் பதிவு, வருங்கால வைப்புநிதிக் கணக்கு ஆகியவற்றைப் பணியாளர்கள் பாதுகாக்க வேண்டும். மாநகராட்சியின் ஒப்பந்த ஆவணங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவர்கள் கோரிப் பெறலாம். அன்றாடம் வேலை வாங்குபவர் யார், தண்டிப்பவர் யார் என்று நீதிமன்றம் கேட்கும்போது, விடை நம் கையில் இருக்க வேண்டும்.