மங்கும் பெட்ரோமாக்ஸ்... பம்ப் அடிக்கும் முன் கொஞ்சம் கவனியுங்கள்!

1984-ல் வந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தின் கதை மறந்துபோனவர்களுக்குக்கூட, ஆல் இன் ஆல் அழகுராஜாவின் கடையில் செந்தில் கைவைத்து உடைத்த மேன்டில் மறந்திருக்காது. கவுண்டமணிக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது. ஒருமுறை எரிந்த மேன்டில் துணி இல்லை, வலை மாதிரி நிற்கும் வெறும் சாம்பல். விரல் பட்டால் உதிர்ந்துவிடும்.

விருதுநகர் மாவட்டத்தில் மல்லாங்கிணறு, காரியாபட்டி, அருப்புக்கோட்டை வட்டாரக் கரிசல் கிராமங்களுக்குக் கரன்ட் வருவதற்கு முன்பு, கல்யாண வீடு, முளைப்பாரி ஊர்வலம், விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகம் எல்லாவற்றுக்கும் இந்த லைட்தான். இன்று புயல், மழையில் கரன்ட் போனாலோ, கோயில் கொடைக்கோ பரணிலிருந்து இறங்குகிறது. இறக்கிப் பற்றவைத்தால், “எரியுது, ஆனா மங்கலா இருக்கே!” என்ற புலம்பல். உடனே எல்லோரும் செய்வது, பம்ப்பைப் பிடித்து மேலும் மேலும் காற்றடிப்பது. கோளாறு வேறு இடத்தில் இருந்தால் அதனால் பலன் இல்லை. ஆபத்துதான் கூடும்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

ஜெர்மனியில் மாக்ஸ் கிராட்ஸ் என்பவர் உருவாக்கிய லைட்டின் பெயர்தான் பெட்ரோமாக்ஸ். நம் ஊரில் அந்த வகை லைட் எல்லாவற்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது. டேங்கில் அடைத்த காற்று மண்ணெண்ணெயை மேலே தள்ளும். சூடான ஜெனரேட்டர் குழாயில் அது ஆவியாகும். நிப்பிளின் நுண்ணிய துளை வழியே சீறி, காற்றோடு கலந்து, மேன்டிலுக்குள் நீலமாக எரியும். பழைய பம்ப் ஸ்டவ்வும் இதே கதைதான். அந்தச் சூட்டில் ஒளிர்வது மேன்டில்.

மேன்டிலைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரிய விஞ்ஞானி ஆயர் வான் வெல்ஸ்பாக். 1885-ல் காப்புரிமை பெற்றார். பிறகு 99 சதவீதம் தோரியம் ஆக்சைடு, 1 சதவீதம் சீரியம் ஆக்சைடு என்ற கலவையில்தான் கண்ணைக் கூசும் வெள்ளை வெளிச்சம் கிடைத்தது. அந்தத் தோரியத்துக்கு நம் குமரிக் கடற்கரையும் உதவியது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர் தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை வந்தது அதன் தொடர்ச்சிதான்.

மங்குவதிலேயே காரணம் தெரியும்

மெல்ல மெல்ல மங்கினால்: அழுத்தம் குறைகிறது. மீட்டர் முள்ளைப் பாருங்கள். காற்றடித்தும் சீக்கிரமே இறங்கினால் மூடி வாஷரிலோ, காற்றுத் திருகிலோ, பம்ப் வால்விலோ கசிவு. லைட் ஆறிய பிறகு சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். பம்ப் அடிக்கும்போது கைக்குக் கனமே தெரியவில்லையா? தோல் வாஷர் காய்ந்துவிட்டது. கழற்றி, எண்ணெய் தடவி, ஓரத்தை விரித்துவிட்டால் போதும். டேங்கை முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பினாலும் காற்றுக்கு இடம் இல்லாமல் அழுத்தம் சீக்கிரம் இறங்கும்.

முள் சரியாக இருந்தும் வெளிச்சம் குறைந்தால்: நிப்பிள் அடைப்பு. ஊசியை இயக்கும் திருகை ஒருமுறை சுற்றினால் துளை சுத்தமாகும். அடிக்கடி அடைத்தால் எண்ணெயில் தூசி. வடிகட்டி ஊற்றுங்கள்.

துடித்துத் துடித்து எரிந்தால்: ஜெனரேட்டரில் கரி படிந்திருக்கலாம், அல்லது மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

மஞ்சளாக எரிந்து மேன்டில் கறுத்தால்: ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்றியது போதவில்லை, அல்லது காற்றுக் குழாயில் சிலந்தி வலை. பரணில் கிடந்த லைட்டுக்கு இது சகஜம். நிப்பிள் துளை தேய்ந்து பெரிதானாலும் இப்படித்தான் ஆகும். அப்போது நிப்பிளை மாற்றுவதே வழி.

மேன்டிலில் ஓட்டை விழுந்தால்: அந்த வழியே பாயும் தீ கண்ணாடியை உடைக்கும். புது மேன்டில் கட்டிவிடுங்கள்.

உயிர் முக்கியம்

ரேஷனில் மண்ணெண்ணெய் குறைந்துபோன காலம் இது. கிடைக்கவில்லையே என்று பெட்ரோலையோ தின்னரையோ ஊற்றவே கூடாது, லைட் வெடிகுண்டாகிவிடும். மங்குகிறதே என்று எரியும் லைட்டின் மூடியைத் திறப்பதும் அதே அளவு ஆபத்து. முதலில் காற்றை இறக்கி அணைக்க வேண்டும். நன்றாக ஆறிய பிறகுதான் எண்ணெய் ஊற்றலாம், திருகைத் தொடலாம்.

பட்டாசு ஆலைக்குள் தீப்பெட்டிகூடக் கொண்டுபோகக் கூடாது என்பது சிவகாசி வட்டாரத்தில் குழந்தைக்கும் தெரியும். அதே எச்சரிக்கை வீட்டிலும் வேண்டும். தீபாவளிக்கு வாங்கி வைத்த பட்டாசு இருக்கும் அறையில் பெட்ரோமாக்ஸ் ஏற்றாதீர்கள். கதவு, ஜன்னலை அடைத்துவிட்டு எரிப்பதும் கூடாது. கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

தோரியம் கலந்த மேன்டிலில் லேசான கதிரியக்கம் உண்டு. உடைந்த சாம்பலை வாயால் ஊதக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து எடுத்து, கையைக் கழுவுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். இப்போது தோரியத்துக்குப் பதில் இட்ரியம் சேர்த்த மேன்டில்களும் வருகின்றன.

கொடைக்கு லைட் வேண்டும் என்றால், அன்று இருட்டிய பிறகு எடுக்காதீர்கள். இரண்டு நாள் முன்பே, பகலில், வாசலில் வைத்து ஏற்றிப் பாருங்கள். இரண்டு மேன்டில், ஒரு நிப்பிள், ஒரு தோல் வாஷர் கைவசம் இருக்கட்டும். சாமி ஊர்வலம் பாதித் தெருவில் நிற்காது.