கிடாரின் உறுமலும் மண்ணின் காப்பும்



மைந்தன் தந்தைக்குப் பிரணவப் பொருளை உரைத்த தலம் என்று போற்றப்படுவது எங்கள் சுவாமிமலை. அறுபது படிகள் ஏறி வழிபடும் அக்கட்டுமலையைச் சுற்றியுள்ள ஊர்களின் விழா மேடைகளில், இன்று நாகசுரம் ஓய்ந்த பின்னர் கிடாரும் கீபோர்டும் ஒலிக்கின்றன. கிடாரின் கம்பியை ஆம்ப்ளிபையரில் செருகிய மாத்திரத்தில், பாட்டுத் தொடங்குவதற்கு முன்பே, 'ம்ம்ம்' என்றோர் உறுமல் எழும். அஃது ஓங்காரம் அன்று, மின்சாரத்தின் ரீங்காரம். அது பிறக்கும் வகை, அதனைப் போக்கும் வகை, எவ்வகையால் அதனைப் போக்கவே கூடாது என்பது ஆகிய மூன்றையும் இன்று சொல்ல எண்ணுகிறேன்.

மின்கிடாருக்கு வீணைக்கு இருப்பது போன்ற குடம் இல்லை. அதன் உடல் பெரும்பாலும் கெட்டியான மரப்பலகையே. தந்திகளின் கீழே காந்தமும், அதனைச் சுற்றி மயிரிழை போன்ற தாமிரக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகளாகச் சுற்றிய சுருளும் இருக்கும். இதனைப் 'பிக்கப்' என்பர். உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. சுருளில் சிறிதளவு மின்னழுத்தம் தோன்றுகிறது. பாரடே 1831 இல் கண்ட உண்மையே இது. ஆனால் அச்சுருளுக்குத் தந்தியின் அசைவு எது, அருகிலுள்ள டிரான்ஸ்பார்மரின் காந்த அசைவு எது என்று பகுத்தறியத் தெரியாது. இரண்டையும் ஒப்ப ஏற்று ஆம்ப்ளிபையரிடம் ஒப்படைத்துவிடும்.

நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. ஆதலின் உறுமலும் 50 அலைவுகளிலோ, அதன் மடங்குகளிலோ கேட்கும். கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 82 முறையும், அடுத்தது 110 முறையும் அதிர்வன. 100 அலைவு உறுமல் இவ்விரண்டுக்கும் இடையே வந்து உட்கார்ந்துகொள்கிறது. சுருதி சேராத தம்பூராவை அருகில் வைத்துக்கொண்டு பாடுவதற்கு ஒப்பாகும் இது. கர்நாடக இசைக்கும் இத்தொல்லை புதிதன்று. 1969 இல் ஆந்திரத்துப் பாலகொல்லில் பிறந்து 2014 இல் சென்னையில் மறைந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ் அவர்கள் மின் மாண்டலினில்தான் கமகங்களை இழைத்தார். இக்காலத்தில் வீணைக்கும் ஒட்டு மைக் பொருத்திக்கொள்வோர் உளர்.

நோய் தீர்க்குமுன் நோயின் முதலை நாட வேண்டும் அல்லவா? கிடாரின் இணைப்பை ஆம்ப்ளிபையரிலிருந்து பிடுங்கிப் பாருங்கள். அப்போதும் உறுமல் நில்லாதாயின், குற்றம் பெரும்பாலும் ஆம்ப்ளிபையரிடமே உள்ளது. மின்னோட்டத்தைச் சீராக்கும் மின்தேக்கிகள் முதுமையடைந்தால் 100 அலைவு உறுமல் எழும். அதனைப் பயின்ற பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுவதே முறை. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அத்தேக்கிகளில் ஆளை வீழ்த்தக்கூடிய மின்னேற்றம் தங்கியிருக்கலாம். பிடுங்கியவுடன் உறுமல் நின்றால், மீண்டும் செருகி, கிடாரைக் கையிலேந்தியவாறு மெல்லத் திரும்புங்கள். ஒரு திசையில் கூடியும் மறுதிசையில் குறைந்தும் ஒலித்தால், சுருள் காந்தப் புலத்தை வாங்குகிறது என்பது தெளிவு. ஆம்ப்ளிபையருக்கு இரண்டு மூன்று முழம் தள்ளி நிற்பதே அதற்குப் பாதி மருந்து. மறுபாதியை அமெரிக்காவில் கிப்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சேத் லவர் என்பவர் 1955 இல் கண்டார். ஒன்றுக்கொன்று எதிராக இணைத்த இரண்டு சுருள்களை, எதிரெதிர்க் காந்த முனைகளோடு அருகருகே வைத்தார். வெளியிலிருந்து வரும் உறுமல் இரு சுருள்களிலும் எதிரெதிராகத் தோன்றி அழிந்துபோகும். தந்தியின் நாதமோ இரண்டிலும் ஒருமுகமாகத் தோன்றிக் கூடும். மிக எளிய யோசனை. எனினும் மிக அழகிய யோசனை!

தந்தியைத் தொட்டவுடன் இரைச்சல் குறைந்து, கையை எடுத்தவுடன் மிகுவதும் உண்டு. நம் உடலே ஓர் ஏரியலாகிச் சுற்றிலுமுள்ள மின்புலத்தை வாங்கி அருகிலுள்ள கிடாருக்கு ஊட்டுகிறது. தந்தியைத் தொட்டால் அது எர்த்துக்கு வடிந்துவிடுகிறது. ஏனெனில் தந்திகள் யாவும் கம்பியின் மேலுறை வழியாக ஆம்ப்ளிபையரின் உலோகப் பெட்டியோடும், பெட்டி மூன்று முள் பிளக்கின் வழியாக நிலத்தோடும் இணைக்கப்பட்டுள்ளன. இச்செய்தியை மனத்தில் இருத்துங்கள், பின்னர் வேண்டும்.

இனி, மேடைகளில் மிகுதியும் காணப்படும் காரணத்துக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில் கிடார் வாசிக்க ஒரு மாணவன் வந்திருந்தான். அவனுடைய ஆம்ப்ளிபையர் மேடையின் பின்புறச் சுவரிலுள்ள பிளக்கில் செருகப்பட்டிருந்தது. மைக்செட்காரரின் பெட்டியோ முற்றத்தின் மறுகோடியில் வேறொரு பிளக்கில். இரண்டுக்கும் இடையே ஒலிக்கம்பி. உறுமல் காதைத் துளைத்தது. இரண்டு இடத்து எர்த்துகளுக்கும் இடையே சிறிது மின்னழுத்த வேறுபாடு இருக்கும். அவற்றை ஒலிக்கம்பியின் மேலுறை வேறு இணைத்தவுடன் ஒரு வளையம் உருவாகி, அதில் வேண்டாத மின்னோட்டம் சுழல்கிறது. உறுமலாகக் கேட்பது அதுவே. அங்கிருந்த ஒருவர், "சார், எர்த்து முள்ளை எடுத்துவிட்டு இரண்டு முள்ளில் போட்டால் நின்றுவிடும்" என்றார். அவர் சொன்னது உண்மை. வளையம் அறுந்து உறுமல் நின்றுவிடும்தான். ஆயினும் நான் அதற்கு இடங்கொடுக்கவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். பெட்டிக்குள் மின்கம்பி ஒன்று தேய்ந்து உலோகத்தைத் தொட்டுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். எர்த்து இருந்தால் பெரும் மின்னோட்டம் அதன் வழியே பாய்ந்து, பியூஸ் உருகி, ஆபத்து அகலும். எர்த்து இல்லையேல் பெட்டி 230 வோல்ட்டோடு ஓசையின்றிக் காத்திருக்கும். பெட்டியோடு இணைந்தவை தந்திகள் என்று சற்று முன் கண்டோம்; தந்திகளின் மேலோ வாசிப்பவனின் விரல்கள். அவன் பாடுவதற்காக, எர்த்து உள்ள மைக்கில் உதட்டை வைப்பானாயின், மின்சாரம் கையிலிருந்து நெஞ்சின் வழியே வாய்க்குப் பாயும். வெறும் கற்பனை அன்று இது. ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, 1972 இல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸி நகர மேடையில், எர்த்து இல்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ப் 1976 இல் தம் இல்லத்திலேயே, சரியான எர்த்து இல்லாத கிடாரை வாசிக்கும்போது மாண்டார். நம் பிளக்கில் எர்த்து முள் மற்றவற்றிலும் நீண்டும் தடித்தும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செருகும்போது முதலில் தொடவும், பிடுங்கும்போது கடைசியில் விலகவுமே அது நீண்டிருக்கிறது. அதை அறுக்கும் கை எதை அறுக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அன்று நாங்கள் செய்தது மிக எளியது. நல்ல எர்த்து உள்ள ஒரே பிளக்கிலிருந்து நீட்டிப்புப் பலகை ஒன்றை இழுத்து, இரண்டு பெட்டிகளையும் அதிலேயே செருகினோம். உறுமல் பெரிதும் அடங்கியது. மிச்சமிருந்தது சீரியல் விளக்குகளின் கம்பி ஒலிக்கம்பியோடு பின்னிக் கிடந்ததால் வந்தது; பிரித்துப் போட்டவுடன் அதுவும் ஓய்ந்தது. இவ்வாறு ஒரே பலகையில் செருக இயலாத பெரிய மேடைகளில், ஒலிக்கம்பியின் நடுவே சிறு டிரான்ஸ்பார்மர் உடைய டி.ஐ. பெட்டியை வைப்பர். ஒலி காந்த வழியாகக் கடக்கும். உலோகத் தொடர்பு மட்டும் அறுந்துவிடும். அதிலுள்ள சுவிட்ச் ஒலிக்கம்பியின் மேலுறையைத்தான் விலக்குகிறதேயன்றி, மின்சாரத்தின் எர்த்தை அன்று. இவ்வேற்றுமை நினைவில் நிற்க வேண்டும். இவற்றோடு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஒன்று மேடைப் பலகையில் இருப்பின் இன்னும் நலம்.

எர்த்து நன்றாயிருப்பதற்குக் காவிரி நாட்டார்க்கு மண்ணே துணை. எங்கள் ஊர்ச் சிற்பிகள் மெழுகு உருவத்தின் மேல் பூசி வார்ப்புக் கருவமைக்கும் அதே வண்டல், ஈரத்தோடு இருக்கும்வரை மின்சாரத்தை எளிதில் ஏற்றுக்கொள்ளும். கரியும் உப்பும் இட்டுக் குழாய் புதைத்த குழியை அடிமண்ணின் ஈரம் காக்கிறது. ஆனால் சித்திரை, வைகாசியில் ஆறு வறண்டு வயல் வெடிக்கும்போது அக்குழியும் வறளும்; எர்த்தின் தடை பன்மடங்கு உயரும். திருவிழாக்கள் மிகுந்த காலமும் அதுவே. ஆதலின் மேடை போடுவதற்கு முதல் நாள் மாலையில், எர்த்துக் குழியில் நாலைந்து குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். பிறகு லைசன்ஸ் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு தடையை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.